அட்டையில் கட்டிய லயம்

றக்வானைத் தேயிலைத் தோட்டத்தில் நாங்கள் இருந்த லயத்தை, அந்த வரிசை வீடுகளை, அட்டையில் சின்னதாகக் கட்டி முடித்திருந்தேன். பின்னால் நிற்கும் மலைக்காகச் செம்மண்ணில் தண்ணீர் விட்டுப் பிசைந்தேன். அந்த வாசனை எழுந்ததும் கை நின்றுவிட்டது.

அப்போது எனக்குப் பத்து வயது. மழைக்காலத்தில் அப்பா வேலைவிட்டு வந்ததும் கொல்லைப்பக்கம் போய் மலையைப் பார்ப்பார். அதன் பிறகுதான் தேத்தண்ணி குடிப்பார். ஒரு மத்தியானம், மலையிலிருந்து தண்ணீர் கொட்டும் பீலியில் தண்ணீர் சேறாக வந்தது.

“எல்லாரும் மேட்டுக் கோயிலுக்கு ஓடுங்க! மண்ணு வருது!” என்று அப்பா கதவு கதவாகத் தட்டினார்.

ஓடினோம். கோயில் வாசலில் அம்மா சுற்றிப் பார்த்துவிட்டு, “கடைசி வீட்டு செபமாலை அண்ணனக் காணோமேங்க” என்றார். அவர் நடக்க முடியாமல் படுக்கையில் கிடந்தவர்.

“புள்ளையப் புடிச்சுக்க. தூக்கிட்டு வந்துர்றேன்” என்று அப்பா திரும்பி ஓடினார்.

செபமாலை மாமாவைத் தோளில் சுமந்து அப்பா அந்த வீட்டு வாசலைத் தாண்டுவதை மேட்டிலிருந்து பார்த்தோம். அம்மா கையை உயர்த்திக் கூப்பிட்டார். அதற்குள் மலை இறங்கி இருவரையும் மூடிவிட்டது. பச்சை மண் வாசனை மேடு வரை ஏறி வந்தது.

“மலைய எப்பம்மா வைப்பீங்க?” என்றாள் பக்கத்தில் வந்து நின்ற என் மகள்.

பிசைந்த மண்ணை வாளியில் போட்டேன்.

“மலை வேணாம்மா. தாத்தா வெளிய வரட்டும்.”