முருங்கைக்காய்க்கு இடம்

போன ஞாயிற்றுக்கிழமை மதியம், சாப்பிட்ட தட்டைக்கூட எடுத்துப் போடாமல் என் மகள் சோபாவில் சாய்ந்தபடி கைபேசியில் ஏதோ வீடியோ பார்த்துக்கொண்டிருந்தாள். "ஹை ஸ்கோர் எடுக்கப் பத்து டிப்ஸ்" என்று ஒரு பையன் மூச்சுவிடாமல் பேசினான். மேலிருந்து கட்டைகள் விழும், அவற்றை இடுக்கு விடாமல் அடுக்க வேண்டும், ஒரு வரிசை முழுசாக நிரம்பினால் அது மறைந்துபோகும், குவியல் உச்சியைத் தொட்டுவிட்டால் ஆட்டம் முடிந்தது. அந்த விளையாட்டுதான். கேளம்பாக்கத்தில் ஆபீஸ் வேலைக்குப் போகிற பெண். நாலு நாளாக ஒரே எண்ணில் மாட்டிக்கொண்டு நிற்கிறாளாம்.

"குடு, நான் ஒரு ஆட்டம் ஆடிப் பாக்கறேன்" என்றேன்.

அவள் என்னைப் பார்த்த பார்வை இருக்கிறதே! நான் ஏ.டி.எம். கார்டைச் செருகுவதற்கு முன் மூன்று முறை திருப்பிப் பார்க்கிறவள். கேஸை மூடினோமா என்று தெருமுனை வரை போய்த் திரும்பி வருகிறவள். இருந்தாலும் கொடுத்தாள். இருபது நிமிடம் கழித்துக் கைபேசியைத் திருப்பிக் கொடுத்தபோது அவளுடைய நாலு நாள் எண் இரண்டாம் இடத்துக்குப் போயிருந்தது.

"அம்மா! எங்கம்மா கத்துகிட்ட இத?"

"கம்பெனி பஸ்ல" என்றேன். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் கட்டைவிரல் நுனிக்கு ரப்பர் பட்டனின் அந்த மெத்தென்ற அழுத்தம் நினைவு வந்துவிட்டது. கூடவே வெயில் பட்ட ரெக்சின் சீட்டின் வாசனை. காலை ஏழரை மணிக்கே பசி தாங்காமல் யாரோ திறந்து பார்த்து மூடிய புளிசாதத்தின் வாசனை. இனி யாரிடமாவது சொல்லித்தான் ஆக வேண்டும். நீங்கள் அகப்பட்டீர்கள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு நின்றவள். படிப்பு ஏறவில்லை என்று சொல்ல மாட்டேன், பரீட்சைதான் ஏறவில்லை. கேள்வித்தாளில் என்ன வருமோ என்ற நினைப்பிலேயே படித்ததெல்லாம் மறந்துவிடும். முழுப் பரீட்சையில் கணக்கு அன்று பள்ளிக்கூட கேட் வரைக்கும் போய்த் திரும்பி வந்தேன். அதன்பிறகு அந்தப் பக்கம் போகவே இல்லை. பதினெட்டு முடிந்ததும் மறைமலை நகரில், கார்களுக்கு வயர்க்கட்டு செய்கிற ஒரு கம்பெனியில் வேலைக்குச் சேர்ந்தேன். நீளமான பலகையில் ஆணிகள் அடித்திருக்கும். சிவப்பு இந்த வழி, பச்சை அந்த வழி என்று வயர்களை இழுத்துப் போட்டு டேப் சுற்ற வேண்டும். தினமும் ஒரே கேள்வித்தாள். எனக்குப் பொருத்தமான வேலை.

பஸ் தாம்பரத்தில் கிளம்பும். நான் ஏறியதும் பக்கத்து சீட்டில் சாப்பாட்டுப் பையை வைத்துவிடுவேன். அது அஞ்சலைக்கு. என் வயதுதான் அவளுக்கும். கோவளத்தில் குப்பத்து வீடு, அப்பா கடலுக்குப் போகிறவர். அவள் ஒரு பஸ் பிடித்துக் கேளம்பாக்கம் வந்து, இன்னொரு பஸ் பிடித்து வண்டலூர் வந்து, அங்கே எங்கள் பஸ்ஸில் ஏற வேண்டும். மூன்று பஸ்ஸும் கணக்காக வந்தால்தான் அவளுக்கு வேலை. பெருங்களத்தூர் தாண்டும்போதே எனக்குப் படபடப்பு தொடங்கிவிடும். அவளோ வண்டி நகர ஆரம்பித்த பிறகு ஓடிவந்து தொற்றுவாள்.

"இன்னாமே, மூஞ்சி வெளுத்துக் கீது? நான்தான் வந்துட்டேன்ல."

உட்கார்ந்ததும் பைக்குள்ளிருந்து அந்த விளையாட்டு மெஷின் வெளியே வரும். அவள் தம்பி பர்மா பஜாரில் வாங்கிவந்தது. உள்ளங்கையைவிடக் கொஞ்சம் பெரிது. சாம்பல் நிறம், வெளிறிய பச்சையில் ஒரு திரை. உள்ளே ஆயிரக்கணக்கில் விளையாட்டு இருப்பதாக மேலே அச்சடித்திருக்கும். ஆடத் தகுந்தது இந்த ஒன்றுதான். கட்டை விழ விழ அது போடுகிற சத்தம் டிரைவர் அண்ணன் வரைக்கும் கேட்கும்.

"யாரும்மா அது, பொய்ங் பொய்ங்னு? என் வண்டிக்கு என்னமோ ஆயிடுச்சுன்னு பயந்துட்டேன்."

"நீ ரோட்ட பாத்து ஓட்டுண்ணா. நாங்க இங்க வூடு கட்டிகினு கீறோம்."

விழுகிற கட்டைகளுக்கு எல்லாம் அஞ்சலை பெயர் வைத்திருந்தாள். சதுரம் மைசூர்பா. வளைந்தது குடைப்பிடி. நடுவில் புடைத்திருப்பது மூக்கு. முன்னும் பின்னும் நெளிந்து எங்கேயும் சரியாக உட்காராத அந்தக் கோணல் கட்டை இருக்கிறதே, அது பேஜாரு. "வந்துட்டான்டி பேஜாரு" என்பாள், வேண்டாத உறவுக்காரன் வாசலில் நிற்கிற மாதிரி. நீளமாக, நேராக, அபூர்வமாக வருகிற கட்டைதான் முருங்கைக்காய்.

வீடியோவில் பேசிய பையனுக்குப் பத்து டிப்ஸ். அஞ்சலையிடம் இருந்ததே நாலோ ஐந்தோ. தரை எப்போதும் சமமாக இருக்க வேண்டும், ஒரு பக்கம் மாடி கட்டக் கூடாது. பேஜாரை நடுவில் விடாதே, சுவரோரமாக நிமிர்த்திச் சாத்து, அடுத்த பேஜாரும் வந்தால் அவன் தலைமேலேயே ஏற்று. தப்பாக ஒரு ஓட்டை விழுந்துவிட்டால் அதையே பார்த்து அழாதே, அதற்கு மேலே இருக்கிற வரிசைகளைக் காலி செய், ஓட்டை தானாக வெளியே வரும். இதெல்லாம் எனக்குச் சீக்கிரம் வந்துவிட்டது. திரையின் ஓரத்தில் அடுத்து வரப்போகிற கட்டையைக் காட்டும் சின்னக் கட்டம் ஒன்று உண்டு. "வுழறத பாக்காத, வரப்போறத பாரு" என்பாள். இதை எனக்கு யாரும் சொல்லித் தர வேண்டியதே இல்லை. பிறந்ததிலிருந்து நான் பார்த்துக்கொண்டிருப்பது அதைத்தான்.

என்னால் முடியாமல் போனது ஒன்றே ஒன்று. ஒரு ஓரத்தில் முருங்கைக்காயின் அகலத்துக்கு ஒரு சந்து மேலிருந்து கீழ்வரை காலியாக இருக்க வேண்டும். மற்ற இடமெல்லாம் நாலு வரிசை உயரத்துக்கு நிரம்பியதும் முருங்கைக்காயை அந்தச் சந்தில் இறக்கினால் நாலு வரிசையும் ஒன்றாக மறையும். ஒரு வரிசை போனால் நூறுதான். நாலும் சேர்ந்து போனால் ஆயிரத்து ஐந்நூறு. தெரியும். தெரிந்தும் குவியல் உயர உயர எனக்குப் பொறுக்காது. கையில் கிடைத்த குடைப்பிடியைச் செருகி அந்தச் சந்தை அடைத்துவிடுவேன்.

"அந்த சந்த ஏன்டி அடைச்ச?"

"முருங்கக்கா வரலைன்னா?"

"வராம எங்க போவும்? மார்க்கெட்ட இன்னா மூடிட்டாங்களா?"

நான் அடைத்த மறுநொடி, சின்னக் கட்டத்தில் முருங்கைக்காய் நிற்கும். அவள் தலையில் அடித்துக்கொள்வாள்.

அந்தப் பேச்சு பஸ்ஸிலிருந்து இறங்கி கம்பெனிக்குள்ளும் வந்துவிட்டது. வயரை ரொம்ப இழுத்துக் கட்டினால் பக்கத்துப் பலகைக்காரி, "முருங்கக்காய்க்கு எடம் வுடு" என்பாள். மூன்று பேர் உட்காரும் சீட்டில் நாலாவது ஆள் வந்தாலும் அதே பேச்சு. வந்த முதல் மாப்பிள்ளைக்கே தலையாட்டிவிட்ட பெண்ணைப் பற்றியும் அதையேதான் சொன்னோம்.

அஞ்சலைக்குப் பழவேற்காட்டில் மாப்பிள்ளை பார்த்தார்கள். வேலையை விடுவதற்கு நாலு நாள் இருக்கும்போது ஊரப்பாக்கத்தில் பஸ் பஞ்சர். எல்லோரும் இறங்கிப் புளியமரத்தடியில் நின்றோம். அவள் மட்டும் இறங்கவில்லை. ஸ்டெப்னி மாட்டி முடிப்பதற்குள் 64,300 எடுத்திருந்தாள். அதுவரை அந்த மெஷினில் யாரும் ஐம்பதாயிரத்தைக்கூடத் தொட்டதில்லை.

கடைசி நாள் மெஷினை என் மடியில் போட்டாள். "அங்க போயி நான் எங்க ஆடப் போறேன்? நீ வெச்சுக்கோ." வயர்களுக்கு நம்பர் ஒட்டுகிற வெள்ளை லேபிளில் ஒரு போன் நம்பரை எழுதி, பின்பக்க பேட்டரி மூடியின் உள்ளே ஒட்டியிருந்தாள். நம்பருக்குப் பக்கத்தில் பி.பி. என்று போட்டிருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைகளுக்கு அது தெரியாது. போன் நம்முடையது இல்லை, அக்கம்பக்கத்தாருடையது, கூப்பிட்டால் ஆளனுப்பி வரச் சொல்வார்கள் என்று அர்த்தம். அவள் வாழப்போகிற வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் கடையின் நம்பர் அது.

"என் ஸ்கோர தாண்டற அன்னிக்கு போன் போடு. சும்மா நல்லா கீறியான்னு கேக்க போட்டியானா, பேச மாட்டேன், ஆமா."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். சிரிப்பை விட்டுவிட்டு நான் வார்த்தையை மட்டும் எடுத்துக்கொண்டேன்.

அவள் போன பிறகு மெஷினை பஸ்ஸுக்கு எடுத்துப்போகப் பயம். கீழே விழுந்து உடைந்தால்? யாராவது எடுத்துக்கொண்டால்? அம்மாவின் பீரோவில் புடவைகளுக்கு நடுவே வைத்தேன். பிறகு யாரோ சொன்னார்கள், பேட்டரியை உள்ளேயே விட்டால் கசிந்து மெஷினைத் தின்றுவிடும் என்று. அன்றைக்குத் தூக்கமே இல்லை. விடிந்ததும் முதல் வேலையாக இரண்டு பேட்டரிகளையும் கழற்றிப் பேப்பரில் சுற்றித் தனியாக வைத்தேன். நல்ல காரியம் செய்தேன் என்று நிம்மதி.

பொங்கலுக்கு வீடு ஒழித்தபோது புது பேட்டரி போட்டேன். மெஷின் பாட்டுப் பாடிக்கொண்டு எழுந்தது. உச்ச எண் இருக்க வேண்டிய இடத்தில் ஒரே ஒரு பூஜ்யம் உட்கார்ந்திருந்தது. பேட்டரியை எடுத்தால் அந்த மெஷின் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. பேட்டரி மாற்றுவதெல்லாம் அவள் தம்பியின் வேலை. அவள் எண்ணைக் காப்பாற்றப்போய் நானே அழித்துவிட்டேன்.

அன்றைக்கே போன் செய்து சொல்லியிருக்கலாம். அவள் சிரித்திருப்பாள். எனக்குத்தான் நூறு யோசனை. ஐஸ் கடைக்காரர் திட்டினால்? அவள் வீட்டுக்காரர் வந்து எடுத்தால்? எல்லாவற்றையும் விட, தாண்டிவிட்டாயா என்று கேட்டால்? அதனால் ஒரு முடிவு செய்தேன். 64,300 என் மண்டையில் இருக்கிறது. அதை நியாயமாகத் தாண்டிவிட்டு, அந்தச் செய்தியோடுதான் கூப்பிடுவது.

மூன்று மழைக்காலம் ஆனது. மறுபடி பஸ்ஸுக்கு மெஷினை எடுத்துப்போனேன். பக்கத்து சீட்டில் வேறு யாரோ. முதல் வருஷம் முழுக்கச் சந்தை அடைத்துக்கொண்டே இருந்தேன். இரண்டாம் வருஷம் கொஞ்சம் கொஞ்சமாகக் கை அடங்கியது. ஒரு நாள், வேலை முடிந்து திரும்பும்போது, கூடுவாஞ்சேரி தாண்டி 63,400. குவியல் பாதிக்கு மேல் ஏறிவிட்டது, சந்து காலியாகக் கிடக்கிறது, முருங்கைக்காய் வரவில்லை. மைசூர்பா, மூக்கு, பேஜாரு, மறுபடி பேஜாரு. குடைப்பிடி வந்தது. அதைச் சந்தில் இறக்கிவிடலாம் என்று விரல் போனது. 'மார்க்கெட்ட இன்னா மூடிட்டாங்களா?' விரலை இழுத்துக்கொண்டேன். ஊரப்பாக்கத்தில் அதே புளியமரத்தைக் கடக்கும்போது சின்னக் கட்டத்தில் வந்து நின்றது, ஒல்லியாக, நேராக.

64,900.

நான் கத்திய கத்தில் டிரைவர் அண்ணன் பிரேக் போட்டுவிட்டார்.

தாம்பரத்தில் இறங்கி நேராக மஞ்சள் போர்டு போட்ட போன் பூத்துக்குப் போனேன். பேட்டரி விழாமல் கையால் அணைத்தபடி மூடியைக் கழற்றி நம்பரைப் பார்த்துப் போட்டேன். இந்த எண் உபயோகத்தில் இல்லை என்றது ஒரு குரல். பூத்காரர் எட்டிப் பார்த்தார்.

"எல்லா நம்பருக்கும் முன்னாடி ரெண்டு சேத்துட்டாங்களேம்மா. எந்தக் காலத்துல இருக்கீங்க?"

ரெண்டு சேர்த்துப் போட்டேன். ஒரு பெண் எடுத்தாள்.

"ஐஸ் கடைங்களா? அஞ்சலையக் கொஞ்சம் கூப்பிட முடியுங்களா?"

"ஐஸ் கடைய மூடி ஒரு வருஷம் ஆவுதும்மா. இப்ப இது எங்க வூட்டு போனு. எந்த அஞ்சலை? கோவளத்துப் பொண்ணா? அவங்க தொழிலுக்குன்னு ஆந்திரா பக்கம் போய்ட்டாங்களே."

"எந்த ஊருன்னு..."

"தெரியலையேம்மா. பாவம், வந்த புதுசுல அந்தப் பொண்ணு அடிக்கடி கடைல வந்து நிக்கும். எனக்கு எதுனா போன் வந்துச்சாக்கான்னு கேக்கும். நீங்க யாரு?"

"பஸ்ல கூட வந்தவ" என்றேன்.

வாழ்க்கையில் அவசரப்பட்டு நான் அடைத்த சந்துகள் எத்தனையோ. பொறுமையாகக் காலியாக விட்டது அந்த ஒன்றைத்தான்.

அப்புறம் அந்த மெஷின். ஒரு முறை சூடு பட்டவள் இல்லையா, இந்தத் தடவை பேட்டரியை எடுக்கவே இல்லை. அந்த நியாயமான 64,900 அழிந்துவிடக் கூடாதே. கல்யாணமாகி முடிச்சூருக்கு வந்தபோது அதையும் எடுத்து வந்து பரணில் வைத்தேன். சில வருஷம் கழித்துத் திறந்தால், சொன்னவர்கள் சொன்னபடியே பேட்டரி கசிந்து, ஸ்பிரிங் எல்லாம் பச்சைப் பொடியாகி, வெள்ளை லேபிளையும் தின்றிருந்தது. நம்பரில் மிச்சமிருந்தது பி.பி. மட்டும்.

இதையெல்லாம் கேட்டுவிட்டு மகள், "இப்பல்லாம் ஸ்கோர் அழியாதும்மா, எல்லாம் கிளவுட்ல இருக்கும்" என்றாள். மேகமாம். மழை வந்தால் முதலில் மூழ்குகிற முடிச்சூர்க்காரியிடம் மேகத்தை நம்பச் சொல்கிறாள்! கொஞ்ச நேரம் கழித்துத் திரும்ப ஆட ஆரம்பித்தாள். எட்டிப் பார்த்தேன். ஓரத்தில் ஒரு சந்தைக் காலியாக விட்டிருந்தாள்.

அந்த போன் பூத் இருந்த இடத்தில் இப்போது கைபேசிக்கு உறை விற்கிறார்கள். ஐஸ் கடை இல்லை, பி.பி. இல்லை, மெஷினும் இல்லை. என் தலைக்கு வெளியே அவள் எடுத்த எண் எங்கும் இல்லை. என் தலையை நான் என்றைக்கும் நம்பியதில்லை. அதனால் இங்கே எழுதி வைக்கிறேன்.

அஞ்சலை, கோவளம். 64,300.