குக்கர் அக்காவின் இடது ஸ்பீக்கர்

லென்ஸ் தேய்க்கும் சக்கரம் சுழலத் தொடங்கியதும் அக்கா நாக்கு நுனியால் உதட்டை ஒரு முறை ஈரப்படுத்திக்கொள்கிறார். வலது கையின் இரண்டு விரல்களுக்கு நடுவே லென்ஸ். மேலே குழாயிலிருந்து சக்கரத்தின் மீது தண்ணீர் சொட்டிக்கொண்டிருக்கிறது. லென்ஸ் சக்கரத்தைத் தொடும் அதே நொடியில் விசில் கிளம்புகிறது. நாலு பக்கமும் தேய்ந்து, ஃபிரேமுக்குள் 'டக்' என்று லென்ஸ் உட்காரும்வரை விசில் நிற்காது. உட்கார்ந்துவிட்டதென்றால், விசில் எந்த இடத்தில் இருந்ததோ அந்த இடத்திலேயே அறுந்துவிடும். மிச்சம் அடுத்த லென்ஸுக்கு.

இரண்டு வருஷத்துக்கு முன் அந்தக் கண்ணாடிக் கடையில் கண் பரிசோதகனாகச் சேர்ந்த முதல் நாள், பலகைத் தடுப்புக்கு அந்தப் பக்கமிருந்து இந்தச் சத்தம் வந்ததும் எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. எழுத்துப் பலகையை வாசித்துக்கொண்டிருந்த வாடிக்கையாளரும் வாசிப்பதை நிறுத்திவிட்டார். வேலையில்லாத எந்தப் பயலோ என்று எட்டிப் பார்த்தேன். ரப்பர் ஏப்ரன் கட்டிக்கொண்டு, தலையில் துணித்தொப்பியோடு, ஐம்பது தாண்டிய ஒரு அம்மா உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்தபடியே விசிலை ஒரு சுற்று முடித்துவிட்டு, "என்ன தம்பி, கண்ணுதான டெஸ்ட் பண்ண வந்தீங்க, காதையுமா?" என்றார்.

கடையில் அவருக்குக் குக்கர் அக்கா என்று பெயர். "மூணு விசில் வந்தாச்சு, அடுப்ப அணைக்கலாமா?" என்று விற்பனை மேசையிலிருந்து யாராவது குரல் கொடுப்பார்கள். "வேகாத ஆளெல்லாம் பேசக் கூடாது" என்று உள்ளேயிருந்து பதில் வரும். எனக்கு அவர் வைத்த பெயர் டிகிரி. எங்கள் வீட்டில் கல்லூரிப் படியேறிய முதல் ஆள் நான். என் பட்டத்தைச் சட்டம் போட்டு மாட்டியதிலிருந்து அப்பா அந்தச் சுவரில் வேறெதையும் மாட்ட விடுவதில்லை. அதனால் அக்கா கேலியாகக் கூப்பிட்டாலும் எனக்கு அது கேலியாகக் கேட்டதே இல்லை.

அக்காவுக்கு வேலையில் ஒரு சட்டம் உண்டு. ஒரு லென்ஸில் மட்டும் கீறல் விழுந்துவிட்டது, அதை மட்டும் மாற்றிக் கொடுங்கள் என்று யார் வந்தாலும் எழுந்து வெளியே வந்துவிடுவார். "ஜோடியா மாத்திக்கங்க. ஒண்ணு புதுசு, ஒண்ணு பழசுன்னா ரெண்டும் சண்ட போட்டுக்கும். தலவலி உங்களுக்கு." முதலாளிக்கு வியாபாரம் செய்து கொடுக்கிறார் என்று சிலர் நினைப்பதுண்டு. காசில்லாதவரென்றால், பழைய பெட்டியைக் கிளறிப் பொருத்தமான இரண்டாவது லென்ஸைச் சும்மாவே தேய்த்துப் போட்டு அனுப்புவதை நான் பார்த்திருக்கிறேன். ஒற்றையாக எதையும் அனுப்ப அவருக்கு மனம் வராது.

தடுப்புப் பலகை மெல்லியது என்பதால் என் பேச்சு முழுவதும் அவருக்குக் கேட்கும். "இடது கண்ண மூடுங்க, படிங்க. இப்ப ரெண்டு கண்ணையும் தொறந்து பாருங்க." ஒரு நாளைக்கு நாற்பது தடவை சொல்லுவேன். நான் டீக்கு எழுந்து போனால், உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டு என் குரலில் எனக்கே அதைச் சொல்லிக் காட்டுவார்.

அந்த விசில் எங்கிருந்து வந்தது என்று கேட்க எனக்கு ஆறு மாதம் பிடித்தது. கேட்ட அன்றைக்கு அவர் சக்கரத்தை நிறுத்திவிட்டார். அது அபூர்வம். வீட்டில் ஒன்பது ரெக்கார்டு இருக்கிறது, தம்பி, எல்லாம் கிதார், யாரும் வாயைத் திறந்து பாட மாட்டார்கள், பதினோரு வருஷத்துக்கு முன்னால் வீட்டைக் காலி செய்துகொண்டு வெளிநாடு போன ஒருவர், அவற்றோடு ரெக்கார்டு சுழற்றும் பெட்டியையும் இரண்டு ஸ்பீக்கர்களையும் சேர்த்து என் வீட்டுக்காரரிடம் தள்ளிவிட்டுப் போனார் என்று கதை சொன்னார். அட்டைகளில் பெரிய பெரிய கடல் அலைகள், அதன்மேல் பலகையில் நின்றபடி சறுக்கும் பையன்கள். அலைக்கும் கிதாருக்கும் என்ன சம்பந்தம் என்று அவருக்குத் தெரியாது. எனக்கும் தெரியாது, டிகிரிக்குத் தெரியும் என்று அவர் நினைத்ததால் தலையை ஆட்டிவைத்தேன்.

"அதுல என்ன விசேஷம்னா," என்றார் குரலைத் தாழ்த்தி, "தாளம் இருக்கும், பின்னாடி கிதாரு தட்டிக்கிட்டே இருக்கும். பாட்டு மட்டும் இருக்காது. அத நம்மதான் போட்டுக்கணும். விசிலுக்குன்னே எடம் விட்டு வாசிச்சிருக்காங்க. நல்ல மனுசங்க."

ஒன்பதில் ஏழுதான் அவருக்குப் பிடித்தவை. மற்ற இரண்டிலும் ஒரு கிதார் ஓயாமல் முன்னால் நின்று வாசிக்குமாம். "அது ஹவுஸ்ஃபுல். நமக்கு எடமில்ல" என்று அவற்றை அலமாரிக்கு மேலே தூக்கிப் போட்டுவிட்டார். ஏழு ரெக்கார்டுகளில் எண்பத்துச் சொச்சம் பாட்டுக்கு அவரே மெட்டுப் போட்டிருந்தார். கடையில் நாங்கள் கேட்டதெல்லாம் அவைதாம்.

கடை தொடங்கி முப்பது வருஷம் ஆனதற்கு, நான்கு கிளை ஆட்களையும் கூட்டி ஒரு விழா எடுப்பதென்று முதலாளி முடிவு செய்தார். அக்கா விசிலடிக்க வேண்டும் என்றும் சொல்லிவிட்டார். எல்லோரும் சிரித்தார்கள், அக்கா சிரிக்கவில்லை. முந்நூறு பேருக்கு முன்னால், தானே போட்ட மெட்டு. "என் ரெக்கார்டு கூட இருந்தா அடிக்கிறேன்" என்றார். ரெக்கார்டு பெட்டியை மண்டபத்துக்குக் கொண்டுவந்து ஒலி அமைத்துக் கொடுக்கும் வேலை என் தலையில் விழுந்தது. கண்ணைப் பற்றிப் படித்தவனுக்கு ஸ்பீக்கரைப் பற்றி என்ன தெரியும் என்று கடையில் யாரும் கேட்கவில்லை. நானும் நினைவுபடுத்தவில்லை.

விழாவுக்கு எட்டு நாள் இருக்கும்போது, வேலை முடிந்து அவரோடு வீட்டுக்குப் போனேன். மூன்றாவது மாடி, இரண்டு அறை. ஜன்னலுக்குப் பக்கத்தில் ரெக்கார்டு பெட்டி. வலப்பக்கம் ஒரு ஸ்பீக்கர். இடப்பக்க ஸ்பீக்கரின் மேல் ஒரு பூந்தொட்டி. தண்ணீர் வழிந்து வழிந்து மரம் வெளுத்திருந்தது. அந்த ஸ்பீக்கர் வந்த மறுநாளே செத்துவிட்டது என்று அவர் வீட்டுக்காரர் சொன்னாராம். பஸ் டிப்போவில் எலெக்ட்ரீஷியன். அவர் செத்துவிட்டது என்று சொன்னால் செத்துவிட்டதுதான்.

அக்கா ஊசியை வைத்தார். டிரம் தடதடவென்று உருண்டது. அடியில் கனத்த கம்பியின் நடை. ஒரு கிதார் தட்டிக்கொண்டே போனது. அவர் கண்ணை மூடிக்கொண்டு விசிலடித்தார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. கடையில் துண்டு துண்டாகக் கேட்ட மெட்டு இங்கே முழுசாக, ஏறி இறங்கி, வளைந்து வந்தது. அட்டையைத் திருப்பி, பின்னாலிருந்த ஆங்கில எழுத்தைச் சும்மா படித்துக்கொண்டிருந்தேன். நாலு பேர் பெயர் இருந்தது. டிரம் ஒருவர், கனத்த கம்பி பேஸ் கிதார் ஒருவர், தாளக் கிதார் ஒருவர். எல்லோருக்கும் மேலே, கொட்டை எழுத்தில், முன்னணிக் கிதார் என்று ஒருவர்.

பாட்டு முடிந்ததும், "நாலாவது ஆள் எங்கக்கா?" என்று கேட்டேன்.

"லீவு போட்டிருப்பான்" என்றார்.

நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டேதான் தொட்டியைத் தூக்கிக் கீழே வைத்து, இடது ஸ்பீக்கரைத் திருப்பினேன். ஒயர் அறுந்திருக்கவில்லை. எலி கடித்திருக்கவில்லை. முனையைச் சுத்தமாகக் கழற்றி, கறுப்பு டேப் சுற்றி, பின்பக்கத்தில் அழகாகச் சொருகி வைத்திருந்தது. டேப்பைப் பிரித்துக் கீழே போட்டேன். ஒயரை அதன் துளையில் மாட்டினேன். அதே பாட்டு, அதே இடம். ஊசியை வைத்தேன்.

அறை அதிர்ந்துவிட்டது. தண்ணீர்த் தொட்டிக்குள் இரும்புக் கம்பியை இழுத்துக் கட்டிச் சுண்டியதுபோல் ஒரு கிதார் இடப்பக்கத்திலிருந்து பாய்ந்து வந்தது. ஈரம் சொட்டச் சொட்ட ஒரு சத்தம், பிறகு வண்டுக்கூட்டம் கலைந்ததுபோல் படபடவென்று கீழிறங்கியது, நின்ற இடத்தில் நின்று நடுங்கியது, மறுபடி மேலே. அட்டையில் இருந்த அலை எதற்கென்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது. அறுபது வருஷத்துக்கு முந்தைய ரெக்கார்டு என்று யாரும் சொல்ல மாட்டார்கள். நான் வாய் பிளந்து நின்றேன்.

நல்லது செய்துவிட்டோம் என்ற எண்ணத்தோடு திரும்பினேன். அக்கா விசிலுக்குக் குவித்த உதட்டைக் குவித்தபடியே வைத்துக்கொண்டு நின்றார். சத்தம் வரவில்லை. அந்தக் கிதார் ஒரு மெட்டை வாசித்துக்கொண்டிருந்தது. அது அவர் மெட்டு இல்லை. வேறு. அவர் ஏறிய இடத்தில் அது இறங்கியது. அவர் நிறுத்திய இடத்தில் அது ஓடியது. அலமாரிக்கு மேலே கிடந்த இரண்டு ஹவுஸ்ஃபுல் ரெக்கார்டுகள் என் ஞாபகத்துக்கு வந்தன. அவற்றில் நாலு பேர் சத்தமும் இரண்டு ஸ்பீக்கரிலும் வரும்படி பதிந்திருக்க வேண்டும். மற்ற ஏழிலும் ஆளைப் பிரித்து, முன்னணிக் கிதாரை இடப்பக்கம் மட்டும் வைத்திருக்கிறார்கள். பதினோரு வருஷமும் எண்பத்துச் சொச்சம் பாட்டும் பூந்தொட்டிக்கு அடியில் இருந்தன.

"எனக்கு எடம் விட்டாங்கன்னுல்ல நெனச்சேன்" என்றார், யாரிடமும் இல்லாமல்.

கீழே கிடந்த டேப்பை எடுத்துக் கையில் வைத்துப் பார்த்தார். அதன் நுனி, அடுத்த தடவை நகத்தால் கிள்ளிப் பிரிக்கத் தோதாக, சின்ன நாக்குபோல் உள்ளே மடிக்கப்பட்டிருந்தது. அதையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு சமையலறைப் பக்கம் போய், மிக்ஸியின் ஒயரைத் தூக்கி என்னிடம் காட்டினார். அதிலும் டேப், அதிலும் அதே நாக்கு.

"இது அவரு மடிப்பு" என்றார்.

வாசலில் செருப்புச் சத்தம் கேட்டது. டிபன் கேரியரோடு உள்ளே கால் வைத்த மனிதர், கிதார் காதில் விழுந்ததும் நிலைப்படியிலேயே நின்றுவிட்டார். என்னைப் பார்த்தார், தொட்டியைப் பார்த்தார், கடைசியில் மனைவி கையிலிருந்த டேப்பைப் பார்த்தார். மறைக்க ஒன்றுமில்லை என்று தெரிந்த முகம். கேரியரை ஓசைப்படாமல் கீழே வைத்தார்.

"செத்துப்போச்சுன்னீங்க."

அவர் சட்டைப் பொத்தானைத் திருகிக்கொண்டே, சுவரைப் பார்த்துப் பேசினார். "கொண்டாந்த அன்னிக்கு ஒயரு லூசா இருந்துச்சு. ஒரு பக்கந்தான் பாடுச்சு. நீ பாத்திரம் கழுவிக்கிட்டே விசிலடிச்ச. கல்யாணமாகிப் பதினாறு வருசத்துல அன்னிக்குத்தான் நீ விசிலடிச்சுக் கேட்டேன். மறுநாள் நீ கடைக்குப் போனப்புறம் ஒயரச் சரி பண்ணிப் போட்டுப் பாத்தேன். அவன் குறுக்க குறுக்கப் பேசிக்கிட்டே இருந்தான். உன்னப் பேச விடமாட்டான்னு தோணுச்சு. புடுங்கி வச்சிட்டேன்."

"பதினோரு வருசமா என்ன ஒரு காதுல வாழ வச்சிருக்கீங்க."

ஊசி கடைசி வளையத்துக்குப் போய்ச் சரக் சரக்கென்று சுற்றிக்கொண்டிருந்தது. நான் அதைத் தூக்கி வைத்துவிட்டு, சொல்லிக்கொள்ளாமலே படியிறங்கி வந்தேன்.

மறுநாள் சக்கரம் சுழன்றது, தண்ணீர் சொட்டியது, விசில் வரவில்லை. அதற்கு மறுநாளும் வரவில்லை. மேசைக்காரர்கள் முதலில் "கேஸ் தீந்துபோச்சா?" என்று கேட்டார்கள், மூன்றாம் நாள் அவர்களுக்கே ஒருமாதிரி ஆகிவிட்டது. என் பரிசோதனை அறையில் வாடிக்கையாளர்கள் எழுத்தை வாசிக்கும் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் கேட்டது. நான் அந்த ஒயரைத் தொட்டிருக்க வேண்டாம். படித்தவன் என்கிற மிதப்பில் நாலாவது ஆளைத் தேடினேன். மன்னிப்புக் கேட்கப் போனால், அக்கா அடுத்த லென்ஸை வெளிச்சத்தில் தூக்கிப் பார்ப்பார். நான் திரும்பி வந்துவிடுவேன். தினம் சாயங்காலம் இரண்டு ஸ்பீக்கரையும் போட்டு, நாற்காலி இழுத்து நடுவில் உட்கார்ந்து, ஒரு வார்த்தை பேசாமல் கேட்கிறார் என்று அவர் வீட்டுக்காரர் எனக்கு போன் செய்து சொன்னார். தன்னோடு பேசுவதில்லை என்பதை அவர் சொல்லவில்லை. குரலே சொன்னது.

விழாவுக்கு முதல் நாள், அக்கா ஏப்ரனைக் கழற்றிக்கொண்டே என் அறைக்கு வந்தார்.

"ரெண்டு ஸ்பீக்கரையும் எடுத்துட்டு வந்துரு, டிகிரி."

எந்தப் பக்க ஸ்பீக்கரைப் போடுவதென்று கேட்டேன்.

"அங்க சொல்றேன்."

மண்டபம் நிறைந்திருந்தது. மேடையின் இரு ஓரத்திலும் ஸ்பீக்கர்கள். இடதுபக்க ஸ்பீக்கரில் தொட்டியின் வட்டக் கறை அப்படியே தெரிந்தது. நான் ஓரமாகப் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். சத்தத்தை இடது, வலது என்று ஒரு பக்கமாகத் தள்ளிவிடும் திருகில் என் விரல் இருந்தது. மூன்றாவது வரிசையில் அக்காவின் வீட்டுக்காரர் குனிந்து தன் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். யாரோ "எத்தன விசிலுக்கு எறக்கணும்?" என்று கத்த, மண்டபம் சிரித்தது. அக்கா அந்தச் சிரிப்பு அடங்கும்வரை நின்றார். பிறகு என் பக்கம் திரும்பி, உள்ளங்கையால் இடது கண்ணைப் பொத்திக்கொண்டார்.

புரிந்தது, இடது ஸ்பீக்கர் இப்போது வேண்டாம். திருகை வலப்பக்கம் முழுக்கத் தள்ளி, ஊசியை வைத்தேன். டிரம் உருண்டது. அவர் உதட்டை ஈரப்படுத்திக்கொண்டு, கண்ணைப் பொத்திய கையை எடுக்காமலே, விசிலடித்தார். அவருடைய மெட்டு. ஒரு முழுச் சுற்று, அறுபடாமல், எந்த லென்ஸுக்காகவும் நிற்காமல். சிரித்தவர்கள் சிரித்த வாயோடு உறைந்திருந்தார்கள். மூன்றாவது வரிசையில் ஒரு தலை நிமிர்ந்தது.

சுற்று முடிந்து, டிரம் மட்டும் தனியாக நாலு தட்டுத் தட்டும் இடம் வந்தது. அக்கா மூச்சை இழுத்துக்கொண்டார். உதட்டை மறுபடி ஈரப்படுத்தினார். என்னையே பார்த்தபடி, கண்ணிலிருந்து கையை எடுத்தார்.