மாத்திரைக் காலண்டருக்கு ஒரு மாதிரி

2023 பிப்ரவரி 14 – குடைக் கம்பெனிக்கு – ரூ. 5.00
2023 ஜூன் 9 – மிக்சிக் கம்பெனிக்கு – ரூ. 5.00
2023 நவம்பர் 20 – ரயில்வேக்கு – ரூ. 41.30
2024 மார்ச் 4 – கோயம்புத்தூர் மருந்து மொத்த வியாபாரிக்கு – ரூ. 41.30
2024 ஜூலை 22 – மேற்படியாருக்கு, பார்சல் – ரூ. 70.80

இவை நாரணாபுரம் நல்லசிவம் தபாலில் அனுப்பிய யோசனைகள் மட்டும். டீக்கடையிலும் பஸ்ஸிலும் கல்யாணப் பந்தியிலும் அவர் சும்மா வாரிக் கொடுத்தவற்றுக்குக் கணக்குக் கிடையாது.

மறந்து வைத்துவிட்டுப் போனால் விசிலடிக்கும் குடை, தேங்காய்நார் மெத்தையில் உட்கார்ந்து சத்தமில்லாமல் அரைக்கும் மிக்சி. சாத்தூரில் இறங்க வேண்டியவர் தூங்கிப்போய்க் கோவில்பட்டியில் இறங்கினார். மறுநாளே, ஊர் வந்ததும் முதுகில் தட்டி எழுப்பும் படுக்கையைப் பற்றி ரயில்வேக்கு எழுதிவிட்டார். எல்லாக் கடிதங்களும் கழிவுக் காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதியவை. எல்லாவற்றிலும் கடைசி வரி ஒன்றே: "இதை நீங்களே செய்துகொள்ளலாம். எனக்கு ஒன்றும் வேண்டாம்."

அந்த வரிதான் அவர் மனைவி பாலம்மாளுக்கு எரிச்சல். முப்பத்தொரு வருஷம் சிவகாசியில் தினசரிக் காலண்டருக்குத் தகரப்பட்டை அடித்த மனிதர், வீட்டில் ஓர் ஆணி அடித்ததில்லை. அடுப்படிக் குழாய் ஒழுகி ஒன்றரை வருஷம் ஆகிறது. சரிசெய்ய வந்த முனியராஜிடம் ஒழுகாத குழாய் ஒன்றைப் பற்றி ஒன்றேகால் மணி நேரம் விளக்கினார். முனியராஜ் காப்பி குடித்துவிட்டு, குழாயைத் தொடாமலே போய்விட்டான்.

மருந்து வியாபாரிக்கு எழுதியது பாலம்மாளால் வந்த யோசனை. சர்க்கரை மாத்திரையைப் போட்டோமா இல்லையா என்ற சந்தேகத்தில் அவள் ஒருநாள் இரண்டு தடவை போட்டு, வேலை பார்க்கும் பட்டாசுக் கம்பெனியில் தலைசுற்றி உட்கார்ந்துவிட்டாள். பக்கத்து வீட்டு நர்ஸ் ஹெப்சிபா வந்து திட்டித் தீர்த்தாள். அன்றே நல்லசிவத்துக்கு உதித்துவிட்டது: தினசரிக் காலண்டரின் ஒவ்வொரு தாளுக்குப் பின்னும் ஒரு குட்டிப் பை, அதில் அன்றைய மாத்திரை. தேதியைக் கிழித்தால் மாத்திரை கைக்கு வரும்.

ஜூலை 8ஆம் தேதி பதில் வந்தது. அவருக்கு வந்த முதல் பதில். யோசனை பிடித்திருக்கிறது, ஒரு மாதத்துக்கு மாதிரி செய்து அனுப்புங்கள், ஆடிப் பதினெட்டன்று அடுத்த வருஷக் காலண்டருக்கு ஆர்டர் கொடுக்கிறோம், அதற்குள் வேண்டும் என்று எழுதியிருந்தார்கள்.

பாலம்மாளுக்கு ஆசை வந்துவிட்டது. இந்த மனிதர் சொன்னவற்றில் ஒன்றே ஒன்றாவது ஏதாவது ஒரு சுவரில் தொங்க வேண்டும். அதைப் பார்த்துவிட்டால் போதும்.

நல்லசிவம் ஒன்பது நாள் அந்தக் கடிதத்தை டீக்கடையில் காட்டிக்கொண்டிருந்தார்.

"ஏங்க, ஊருக்கெல்லாம் லெட்டரைக் காட்டுறீகளே, ஒரு பை ஒட்டுனீகளா?"

"ஒட்டுறதெல்லாம் ஒரு வேலையா, பாலம்மா? யோசிக்கிறதுல்ல வேலை."

"அப்ப யோசிச்சே கோயம்புத்தூருக்கு அனுப்பிவிடுங்க."

கடைசியில் அவளே பசை காய்ச்சினாள். பகலெல்லாம் பட்டாசுக்குக் குழல் சுற்றிய கை, சாயங்காலம் பை ஒட்டியது. ஊரில் அடுத்த வருஷத் தாளுக்குப் பஞ்சமா? 2025 ஜனவரித் தாள் முப்பத்தொன்று, பை முப்பத்தொன்று, நாலு சாயங்காலம். மாத்திரைக்குப் பதில் பொரிகடலை போட்டாள். காலண்டர் சினையாடு மாதிரி வயிறு தள்ளிக்கொண்டு நின்றது. நல்லசிவம் பக்கத்தில் உட்கார்ந்து, பசையைத் தானே தடவிக்கொள்ளும் தாள் ஒன்றைப் பற்றிச் சொல்லிக்கொண்டிருந்தார். "வாயை வச்சுக்கிட்டுச் சும்மா இருங்க, பை கோணுது" என்றாள் பாலம்மாள்.

இருபத்திரண்டாம் தேதி சீசன் வேலை. அவளுக்கு லீவு கிடைக்கவில்லை. பெட்டியை ஒட்டி, விலாசத்தையும் எழுதி வாங்கி, தபாலாபீசுக்கு அவரை அனுப்பினாள். போய் வந்தவர் ரசீதை நீட்டினார். சிவகாசிப் பக்கத்துப் பார்சல், உள்ளே வெடியா என்று கவுண்டரில் பிரித்துக் காட்டச் சொன்னார்களாம். திரும்ப ஒட்டிக் கொடுத்தேன் என்றார். அவர் கையால் எதையோ ஒட்டியிருக்கிறாரே என்று பாலம்மாளுக்குக் கொஞ்சம் சந்தோஷம்கூட.

பிரித்த பெட்டியில் வேறென்ன சேர்ந்தது என்பது பதில் வந்தபோதுதான் தெரிந்தது. சத்தம் போட்டு வாசித்தவள் ஹெப்சிபா.

"மாதிரி கிடைத்தது. ஆனால் காலண்டர் தாளின் பின்னால் எழுதி உள்ளே வைத்திருந்த உங்கள் குறிப்பு இதைவிடச் சிறப்பு. பை வீங்கும், அதற்குப் பதில் அட்டையிலேயே தீப்பெட்டி போல இழுத்து மூடும் முப்பத்தொரு அறைகள் என்று எழுதியுள்ளீர்கள். அதையே செய்யலாம். அதன் மாதிரியை ஆடிப் பதினெட்டுக்குள் அனுப்பவும். பையுள்ள காலண்டர் வேண்டாம்."

ஹெப்சிபா சிரிக்கவா வேண்டாமா என்று பாலம்மாள் முகத்தைப் பார்த்தாள்.

"எதுக்கு எழுதுனீக?" என்று மட்டும் கேட்டாள் பாலம்மாள்.

"வரிசையில நிக்கயில தோணுச்சு. நல்லதுன்னு தோணுனதைச் சொல்லாம இருக்க முடியுமா?" நல்லசிவத்துக்கு முகமெல்லாம் வெளிச்சம். "பை கோணுதுன்னு நீயுந்தான சொன்னே. நீ மனசு வச்சா ரெண்டு நாள்ல முப்பத்தொரு அறையையும் ஒட்டிரலாம்."

பாலம்மாள் பசைச் சட்டியைக் கழுவிக் கவிழ்த்தாள். இனி ஒட்டுவதென்றால் நீங்களே ஒட்டுங்கள் என்று சொல்லிவிட்டு வேலைக்குக் கிளம்பினாள். நல்லசிவம் கொஞ்ச நேரம் சட்டியைப் பார்த்தார். பிறகு கடிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு, காட்டிவிட்டு வருகிறேன் என்று டீக்கடைக்குப் போனார். ஆடிப் பதினெட்டு, சனிக்கிழமை, மாதிரி எதுவும் போகாமலே கடந்தது. கோயம்புத்தூரிலிருந்து அதற்கு மேல் ஒன்றும் வரவில்லை. அந்தக் கடைசிக் கடிதம் வந்து சேர்ந்தது 2024 ஆகஸ்ட் 1, வியாழக்கிழமை.