அம்மாவின் இடுப்புக் கிண்ணம்

தட்டாஞ்சாவடியில் ஒரு பட்டறையில் எனக்கு வேலை. லேத்தில் கடைந்து வரும் இரும்பு வளையங்களை வெர்னியர் அளவுகோலில் அளந்து, தேறாததைத் தூக்கி எறிவேன். அதனால் தப்பான அளவைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அம்மா தவளக்குப்பம் மார்க்கெட்டில் மீன் விற்கிறவள். இடது இடுப்பு மூட்டு தேய்ந்துவிட்டது. மாற்ற வேண்டும் என்றார்கள். தொடை எலும்பின் தலை உட்காரும் குழியில் உலோகக் கிண்ணம் ஒன்றைப் பொருத்துவார்களாம். டாக்டர் கம்ப்யூட்டரில் எக்ஸ்ரேவை வைத்து அளந்தார்.

"அம்பத்திரண்டு மில்லிமீட்டர். பொதுவா ஆம்பளைங்களுக்குத்தான் இந்த சைஸ் வரும். பொம்பளைங்களுக்குக் குழி சின்னதா இருக்கும்."

அம்மாவுக்குப் பெருமை தாங்கவில்லை. "நாப்பது வருசம் கூடை தூக்குன இடுப்பு சார். ஆம்பள இடுப்பாத்தான் இருக்கும்."

அம்மா ஐந்தடிகூட இல்லை. எனக்கு நம்பிக்கை வரவில்லை. எதை வைத்து அளந்தீர்கள் என்று கேட்டேன். படத்தில் இருந்த வட்டத்தைக் காட்டினார். ஐந்து ரூபாய்க் காசு. படம் எடுக்கும்போது தொடைகளுக்கு நடுவே, எலும்பு இருக்கும் உயரத்தில் அதை வைப்பார்களாம். காசின் அளவு தெரியும், அதை வைத்துக் குழியின் அளவைக் கணக்கிடுவார்கள்.

அம்மா தலையைக் குனிந்துகொண்டாள்.

"காச எங்க வெச்சாங்கம்மா?"

"எக்ஸ்ரே எடுக்குற தம்பி அங்க வெக்க வந்துச்சி. கைய எடுடா, டேபிள் மேல வெச்சிக்கன்னு சொல்லிட்டேன்."

எலும்பின் உயரத்துக்குக் கீழே வைத்தால் காசு படத்தில் சிறியதாக விழும், குழி பெரியதாகக் கணக்காகும். டாக்டர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டார். அந்த சைஸுக்குக் குடைந்திருந்தால் எலும்பே உடைந்திருக்கும் என்றார். எக்ஸ்ரே அறையில் ஒரு பெண்ணை வைக்க மாட்டீர்களா என்று கேட்டேன். புதுப் படத்துக்குச் சீட்டு எழுதினார்.

மறுபடி எடுத்தபோது நானே காசை வைத்தேன். நாற்பத்தாறு வந்தது.

கிண்ணம் விற்கும் கம்பெனி ஆளுக்குப் போன் செய்தார்கள். "சின்ன சைஸ் ஸ்டாக் இல்லீங்க. சென்னையிலேர்ந்து வரணும்."

போனை வாங்கிக் கேட்டேன். "பொம்பளைங்களுக்கு இடுப்பு தேயாதுன்னு நெனச்சியா?"

அது வர மூன்று வாரம் ஆனது. அம்மா ஸ்டூலில் காலை நீட்டிக்கொண்டு மீன் விற்றாள். வலியில் என்னைத் திட்டினாள். "வாய மூடிட்டு இருந்தா இந்நேரம் நடந்திருப்பேன். பெரிசயே வெச்சித் தட்டி எறக்கச் சொல்லுடி." நான் தினமும் அந்த ஆளுக்குப் போன் செய்தேன். எடுக்காத நாளில் பட்டறை சூப்பர்வைசர் போனிலிருந்து செய்தேன்.

ஆபரேஷன் அன்று வெர்னியரைப் பையில் போட்டுக்கொண்டு போனேன். கிண்ணம் இருந்த பெட்டி மேல் நாற்பத்தாறு என்று அச்சிட்டிருந்தது. திறந்து காட்டச் சொன்னேன். கிருமி பட்டுவிடும் என்று மறுத்துவிட்டார்கள். எழுதியிருப்பதை நம்ப வேண்டுமாம்.

அம்மாவைத் தள்ளிக்கொண்டு போனார்கள். கதவருகே என் கையைப் பிடித்தாள்.

"ஏண்டி, உள்ளயும் காசு வெப்பானுங்களா?"

"வெக்க மாட்டாங்க. போ."