வெறும் வயிற்றோடு வாழவந்தி நாட்டுக்கு

2006 பொங்கல் விடுமுறையில் என் வகுப்பில் பாதிப் பேர் அருவி பார்க்கக் கொல்லிமலைக்குப் போனார்கள். நான் போனது ரத்தம் எடுப்பதைப் பார்க்க.

என் அத்தை வயிற்று அறுவை சிகிச்சை மருத்துவர். சாப்பாடு இறங்கியதும் குடல் சில ஹார்மோன்களை ரத்தத்தில் விடுகிறது. பசி அடங்கியது, சர்க்கரை ஏறுகிறது என்றெல்லாம் உடம்புக்குச் சொல்வது அவைதான். இரைப்பையில் ஒரு பகுதியை வெட்டி எடுத்தவர்களுக்கு இந்த ஹார்மோன்கள் எப்படி மாறுகின்றன என்பது அத்தையின் ஆராய்ச்சி. ஒவ்வொரு முறை ரத்தம் எடுக்கும் நேரத்தையும் எழுதி வைக்க ஆள் வேண்டும் என்றார். எங்கள் உயிரியல் புத்தகத்தில் குடலுக்கு இரண்டே பக்கம். உடனே கிளம்பிவிட்டேன்.

நாமக்கல்லில் அத்தையோடு காலை 5.40 பஸ். சேந்தமங்கலம் தாண்டி, காரவள்ளி அடிவாரத்திலிருந்து எழுபது கொண்டை ஊசி வளைவுகள். நாற்பத்து மூன்றாவது வரை எண்ணினேன். பிறகு கண்ணை மூடிக்கொண்டேன். (ஜன்னல் ஓர இடம் பிடியுங்கள், காரணம் சொல்ல வேண்டியதில்லை.) மடியில் ரத்தக் குப்பிகளை வைக்க ஐஸ் பெட்டி வேறு. செம்மேட்டில் இறங்கும்போது மணி 8.10. அங்கிருந்து வாழவந்தி நாட்டுக்கு ஜீப், 150 ரூபாய். அதன்பின் மிளகுக் கொடிகளுக்கு நடுவே இருபது நிமிட நடை.

நாங்கள் பார்க்கப் போன பாப்பாத்தி அக்காவுக்கு முப்பத்தைந்து வயது இருக்கும். இரண்டு வருடத்துக்கு முன் வயிற்றுப் புண்ணுக்காக அத்தைதான் அவருடைய இரைப்பையில் பாதியை எடுத்தார். இப்போது வாரத்துக்கு மூன்று நாள் வியர்த்து, படபடத்து, மயங்கி விழுகிறார். போன அறுவடையில் மிளகு பறிக்கும்போது ஏணியிலிருந்து விழுந்து கை முறிந்தது. ஆனால் ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து இட்லி கொடுத்துச் சோதித்தபோது ஒன்றுமே ஆகவில்லை. அதனால்தான் வீட்டுக்கே வந்து, வீட்டுச் சாப்பாட்டைக் கொடுத்துப் பார்க்க அத்தை முடிவு செய்தார். இதிலும் காரணம் தெரியாவிட்டால் இன்னொரு அறுவை சிகிச்சை. அந்தப் பேச்சை எடுத்ததுமே அக்கா சேலை முந்தானையைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"ஏனுங்க டாக்டரம்மா, இத்தன குப்பி ரத்தமும் எங்க பாப்பாத்திகிட்டயேவா? அவ பாதி வவுத்தத்தான் முன்னமே கொண்டு போயிட்டீங்களே!" என்றார் பக்கத்து வீட்டுக்காரர்.

"வேணுமின்னா நீ குடு. உன்ற வவுறு ரெண்டாளுக்கு ஆவும்" என்றார் அக்கா. எல்லோரும் சிரித்தார்கள்.

விதி ஒன்றுதான்: முதல் ரத்தம் வெறும் வயிற்றில் எடுக்க வேண்டும். கை கழுவப் பின்பக்கம் போனேன். சமையலறையில் அக்காவின் கணவர் சடையன் அண்ணன் நீர்த்த சாமைக் கஞ்சியில் மூன்று கரண்டி தேனை ஊற்றிக் கலக்கிக்கொண்டிருந்தார். அக்கா அதை ஒரே மூச்சில் குடித்தார். மணி 9.20.

"டாக்டரம்மாகிட்டச் சொல்லிப்போடாத கண்ணு. ரத்தம் குடுக்கற உடம்பு, தெம்பு வேணுமில்ல?" என்றார் அண்ணன்.

தலையாட்டிவிட்டேன். ஆனால் அத்தை ஊசியை எடுத்ததும் என் நோட்டில் 'வெறும் வயிறு' என்று எழுதக் கை வரவில்லை. சொல்லிவிட்டேன். அத்தையின் முகம் சிவந்தது. "இவ்வளவு தூரம் வந்து..." என்று பெட்டியை மூடினார்.

9.38க்கு அக்காவின் நெற்றியில் வியர்வை துளிர்த்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். அத்தை மூடிய பெட்டியைத் திறந்தார். "நேரம் எழுது" என்று மட்டும் என்னிடம் சொன்னார். ரத்தம் எடுத்து, அக்காவைப் படுக்க வைத்த பிறகுதான் கேட்டார்: "இந்தத் தேன் கஞ்சி எத்தனை நாளா?"

"ஆஸ்பத்திரி உட்டு வந்ததுல இருந்துங்க. வாரத்துல மூணு நாள், காட்டு வேலைக்குப் போறன்னைக்குக் குடுப்பனுங்க. மயக்கம் வந்தா இன்னொருக்கா" என்றார் சடையன் அண்ணன்.

"நான் கேட்டப்ப ஏன் சொல்லலை?"

"நீங்க என்ன திங்கறான்னு கேட்டீங்க. தேன் மருந்துங்களே. மருந்தப் போயி சோத்தோட சேத்துச் சொல்லுவாங்களா?"

பாதி இரைப்பையில் இனிப்புத் தண்ணீர் தங்காது. நேராகக் குடலில் கொட்டும். குடல் மிரண்டுபோய் ஹார்மோன்களை அள்ளி விடும். அதில்தான் இந்த வியர்வையும் மயக்கமும். அத்தை இதை விளக்கியதும் சடையன் அண்ணன் தேன் பாட்டிலை எடுத்துக் கதவுக்கு வெளியே வைத்தார். பிறகு, "அப்ப நாந்தான் அவளத் தள்ளி உட்டனுங்களா?" என்றார்.

"இல்லைங்க. என்ன சாப்பிடறாங்கன்னு கேட்டேன். நீங்க என்ன குடுக்கறீங்கன்னு நான் கேக்கலை. தப்பு என்னோடது."

11.40க்கு இரண்டாவது சோதனை. தண்ணீர் இல்லாமல் கெட்டியான சாமைச் சோறு, கீரை, மெதுவாக மென்று. விருந்தாளி சாப்பிடாமல் தான் சாப்பிட மாட்டேன் என்று அக்கா பிடிவாதம் பிடித்ததால் எனக்கும் ஒரு தட்டு. பதினைந்து நிமிடம். முப்பது. நாற்பத்தைந்தாவது நிமிடம் அக்கா தன் நெற்றியைத் தொட்டுப் பார்த்தார். காய்ந்திருந்தது.

போக நினைப்பவர்களுக்கு: ஸ்வெட்டர் அவசியம். செம்மேட்டிலிருந்து கீழே வர மதியம் இரண்டு மணிக்கு ஒரு பஸ் உண்டு. தேன் நன்றாக இருக்கும், தாராளமாக வாங்குங்கள். ஆனால் டாக்டரிடம் போனால் குடிப்பது, நக்குவது, மருந்தென்று நினைப்பது எல்லாவற்றையும் சொல்லுங்கள். ஒருவரை வைத்து முடிவு சொல்ல முடியாது, இன்னும் பலரைப் பார்க்க வேண்டும் என்கிறார் அத்தை. இன்னொரு அறுவை சிகிச்சையை மட்டும் தள்ளி வைத்துவிட்டார்.

நேற்று செம்மேட்டு டெலிபோன் பூத்திலிருந்து சடையன் அண்ணன் பேசினார். பதினெட்டு நாளாக மயக்கம் இல்லையாம். "காலைல இருந்து மொளகு பறிக்கறன்னு மரத்து மேலயே இருக்கறா சாமி. கீழ எறங்குன்னா கேக்கமாட்டீங்கறா."