லதா வீட்டில் திருடிய டிகிரி

பத்தொன்பதாம் நாள் காலையில் இன்குபேட்டருக்குள் கீச்சுச் சத்தம் கேட்டது. சந்தோஷப்பட முடியவில்லை. கோழி முட்டைக்கு இருபத்தொரு நாள் கணக்கு. இரண்டு நாள் முந்திப் பொரிந்தால் உள்ளே சூடு கூடிப்போயிற்று என்று அர்த்தம். திறந்து பார்த்தேன். மூன்று குஞ்சுகள் வந்திருந்தன. மூன்றுக்கும் தொப்புள் மூடவில்லை.

அந்த இருபத்துநான்கு முட்டைகளும் ரஞ்சன்குடி பாக்கியம் கொடுத்தவை. அவள் வளர்த்த சிறுவிடை நாட்டுக்கோழிகளை நாய்கள் புகுந்து ஒன்று விடாமல் கடித்துப் போட்டுவிட்டன. அந்த வகையில் மிச்சம் இருந்தது அதற்கு முந்தின வாரம் சேர்த்த இந்த முட்டைகள்தான். எங்கள் செட்டிகுளம் பஸ் ஸ்டாப்பில் இறங்கி, குஞ்சு பொரித்துக் கொடுக்கும் லதா வீட்டுக்கு வழி கேட்டாள். நான்தான் மடக்கினேன். ஃபிரிட்ஜ் மெக்கானிக்காக முப்பது வருஷம் பெரம்பலூரில் வேலை பார்த்தவன், சூடும் குளிரும் எனக்கு அத்துப்படி, லதாவின் தெர்மாகோல் பெட்டியை நம்பாதே என்று சொல்லி முட்டைகளை வாங்கிக்கொண்டேன்.

லதா எனக்கு அடுத்த தெரு. தெர்மாகோல் பெட்டி, ஒரு பல்பு, ஒரு தெர்மோஸ்டாட், அவ்வளவுதான் அவள் சாமான். அதில் இருபத்துநாலுக்கு இருபத்திரண்டு பொரிக்கும். ஃபேன், டிஸ்ப்ளே, தானாக முட்டை திருப்பும் மோட்டார் என்று எல்லாம் வைத்து நான் செய்த மிஷினில் பதினைந்து தேறினால் பெரிது. லதாவுக்குக் கைராசி என்றார்கள் ஊரில். அந்த வார்த்தையைக் கேட்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். டீக்கடையில் அவள் பேச்சு வந்தால் பாதி டீயோடு எழுந்துவிடுவேன். பொறாமைதான், வேறென்ன சொல்வது?

பாக்கியம் முட்டை கொடுத்த மறுநாள், பேரனுக்குக் காதுகுத்துப் பத்திரிகை வைக்க லதா வீட்டுக்குப் போனேன். தண்ணீர் கொண்டுவர அவள் உள்ளே போன நேரத்தில் பெட்டியின் கண்ணாடி வழியாகக் குனிந்து பார்த்தேன். முட்டைகளுக்கு மேலே தொங்கிய தெர்மாமீட்டர் முப்பத்தெட்டு புள்ளி எட்டு டிகிரி காட்டியது. என் செட்டிங் முப்பத்தேழரை. ரகசியம் சிக்கிவிட்டது என்று தண்ணீரைக்கூட முழுசாகக் குடிக்காமல் வந்து, என் மிஷினிலும் சூட்டை அதே அளவுக்கு ஏற்றி வைத்தேன்.

பத்தொன்பதாம் நாள் வேறு வழியில்லாமல் அவளிடமே போனேன். பார்த்துவிட்டுப் போய்ச் செட்டிங்கை மாற்றியதையும் சொன்னேன். அவள் கோபப்படவில்லை.

"எம் பொட்டியில ஃபேன் கெடையாதுண்ணே. சூடு மேலயே நிக்கும். முட்டைக்கு மேல அவ்வளவு காட்டுனாத்தான் கீழ வரைக்கும் பத்தும். உங்களுதுல ஃபேன் சுத்துது, எல்லா எடமும் ஒரே சூடு. முப்பத்தேழரையே சரிதான்."

ஃபிரீசரில் ஒரு குளிர், காய்கறி டிரேயில் ஒரு குளிர் என்று எத்தனை வீட்டில் நானே விளக்கியிருப்பேன்! அப்படியானால் முன்பு ஏன் எனக்குச் சரியாகப் பொரியவில்லை என்று கேட்டேன்.

"ஏழு நாளுக்கு மேல வச்சிருந்த முட்டைய நான் வாங்க மாட்டேண்ணே. திருப்பி அனுப்பிச்சுடுவேன். அதெல்லாம் உங்ககிட்டதான் வந்துச்சு."

அவள் வேண்டாம் என்றதை எல்லாம், அவளிடமிருந்து பிடுங்கிவிட்டதாக நினைத்து நான் வாங்கி அடுக்கியிருக்கிறேன்.

உடனே சூட்டைக் குறைத்தேன். இருந்தும் மொத்தம் ஒன்பதுதான் பொரிந்தன. பாக்கியத்துக்குப் போன் போட வேண்டும். குஞ்சுகளைப் பார்க்க வந்திருந்த லதா, என் முகத்தைப் பார்த்துவிட்டுச் சொன்னாள்: "கரண்டு போயிட்டுதுன்னு சொல்லிடுங்கண்ணே. அவங்க நம்புவாங்க."

அதே பொய்யைத்தான் நானும் யோசித்து வைத்திருந்தேன். ஆனால் அவள் வாயால் கேட்டதும் உள்ளே எரிந்தது. குஞ்சு பொரிப்பதில்தான் அவள் பெரியவள் என்றால், என்னைக் காப்பாற்றிவிட்டதிலும் அவளே பெரியவளா? அதற்கு நான் இடம் கொடுப்பதாக இல்லை. அவள் முன்னாலேயே போனை எடுத்து, ஒளிந்து பார்த்தது முதல் எல்லாவற்றையும் பாக்கியத்திடம் சொல்லிவிட்டேன். நல்ல மனசால் வந்த உண்மை இல்லை அது.

"இருக்கறத லதாகிட்ட குடுத்துடுங்க" என்றாள் பாக்கியம்.

ஒன்பதில் நான்கு பிழைத்தன. ஒரு சேவல், மூன்று பெட்டை. பாக்கியத்தின் கோழி வகை அற்றுப்போகவில்லை.

வீட்டில் குஞ்சு பொரிக்க ஆசைப்படுகிறவர்களுக்குச் சொல்கிறேன். அடுத்தவர் டிகிரியைக் காப்பியடிக்காதீர்கள். பெட்டியில் ஃபேன் உண்டா, தெர்மாமீட்டர் எந்த உயரத்தில் இருக்கிறது என்று கேளுங்கள். பழைய முட்டையை வாங்காதீர்கள். இவ்வளவும் லதா சொல்லிக்கொடுத்தது. அவள் பெயரை இங்கே எழுதாமல் விட்டுவிடலாமா என்று இரண்டு நாள் யோசித்தேன்.