அணை மூடியிருந்த அன்னைக்கு வந்த வெள்ளம்

ஆத்துத் தண்ணியைக் கவனிக்கிற ஆபீஸ்ல ஒர்க் இன்ஸ்பெக்டரா இருந்து ரிட்டயர் ஆனவன் நான். மதுரையில வெயில் மண்டையைப் பொளக்கும், மேக்க மட்டும் மலை கறுத்திருக்கும். இன்னைக்கும் அதைப் பாத்தா ஆத்துப் பக்கம் ஓடிப் போய் எட்டிப் பாப்பேன்.

வைகை வருசநாட்டுக் காட்டுல பொறந்து ஆண்டிபட்டிப் பக்கம் அணையில அடங்குது. அதோட கதை முடிஞ்சுச்சுன்னு ஊரே நினைக்கும். அடப் போங்கய்யா! அணைக்குக் கீழதான் கொடைக்கானல் சரிவுக் காட்டுத் தண்ணியெல்லாம் வராக நதியிலயும் மஞ்சளாத்துலயும் வந்து சேருது. அங்க இருக்கிறது குட்டி அணைக. நெறஞ்சா வழிஞ்சிரும்.

அன்னைக்குக் காலையில வத்தலக்குண்டுல ஆத்தைக் காவல் பாக்குற லஸ்கர் போன் போட்டாரு. "அண்ணே, மலையில விடிய விடிய மழை. மஞ்சளாறு கரை தொட்டு ஓடுது."

ஜீப்புல மைக்கைக் கட்டிக்கிட்டுச் செல்லூர் கரைக்குப் போனோம். சாயப்பட்டறை ராசு கரையில நிக்கிறாரு. அவரு சம்சாரம் பாண்டியம்மா நடு ஆத்து மணல் திட்டுல சாயநூலைக் காயப்போட்டுக்கிட்டு இருக்காக.

டிரைவர் வழக்கமான பதிவை ஓடவிட்டாரு: "வைகை அணையிலிருந்து தண்ணீர் திறந்துவிடப்படுவதால்..."

ராசு உடனே செல்லை எடுத்து ஆண்டிபட்டி மச்சானைக் கூப்பிட்டாரு. மதுரைக்காரன் எவனுக்குத்தான் அணைப் பக்கம் சொந்தம் இல்ல? "சொட்டுத் தண்ணி விடல மாப்ள"ன்னு ஸ்பீக்கர்ல பதில் வந்துச்சு.

"சும்மா பீதியைக் கெளப்பாதீங்க சார். இம்புட்டு வெயிலு அடிக்குது, நூலு இப்பக் காஞ்சிரும்"னாரு ராசு.

அந்நேரம் பாத்து ஆபீஸ்லருந்து எனக்கு இன்னொரு போன். தண்ணி மதுரைக்கு மேக்க இருக்கிற சோழவந்தானைத் தாண்டி ரொம்ப நேரமாச்சாம். நம்ம மைக்கே பொய் சொல்லுதே! பதிவை நிறுத்திட்டு மைக்கைப் பிடுங்கினேன்.

"தாயி, அணை மூடித்தான் இருக்கு! வாறது மஞ்சளாத்துத் தண்ணி! சோழவந்தானைத் தாண்டிருச்சு! நூலைப் போட்டுட்டு ஓடியா!"

ராசு முகம் செத்துப் போச்சு. "ஏ பாண்டியம்மா!"ன்னு கத்திக்கிட்டே இறங்கி ஓடினாரு. அந்தம்மா நூலை வாரிக்கிட்டு நிக்க, அதைத் தட்டிவிட்டுக் கையைப் பிடிச்சு இழுத்துக்கிட்டு வந்தாரு. ரெண்டு பேரும் கரையேறி மூச்சு வாங்குறதுக்குள்ள, காட்டுச் சருகும் மூங்கில் தூருமா செந்தண்ணி திட்டை மூடிருச்சு. நூலு அம்புட்டும் போச்சு.

பாண்டியம்மா அழுதுக்கிட்டே என்னையப் பிடிச்சுக்கிட்டாக. "இதை மொதல்லயே சொல்லியிருந்தா நூலையும் அள்ளிட்டு வந்திருப்போமே சார்!"

அந்தப் பதிவை அன்னைக்கே அழிக்கச் சொல்லிட்டோம். புதுசா வேலைக்கு வாறவுகளுக்குச் சொல்றேன்: எந்த மலைத் தண்ணி, எந்த ஆத்து வழியா வருது, எந்த ஊரைத் தாண்டியிருக்குன்னு சொல்லுங்க. சனம் நம்பாது, சொந்தக்காரனுக்குப் போன் போடும். போடட்டும். அவனும் நீங்க சொன்னதையேதான் சொல்லணும்.